செல்டா விளையாட்டு வரிசையிற் புதிதாய்ப் புகுவார்க்கு

நெடுங்காலமாய் வளர்ந்துவந்த எந்த வரிசையையும், அது நூல்வரிசையாயினும் விளையாட்டு வரிசையாயினும், புதிதாய் அணுகுவார்க்கு முதலில் உண்டாவது பெரும்பாலும் ஆர்வமன்று, அச்சமே. "இத்தனையையும் எப்பொழுது ஆடி முடிப்பது? முதலிலிருந்து தொடங்காவிடில் கதை விளங்குமோ? பிறரெல்லாம் நன்கறிந்ததை யான் மட்டும் அறியாது திகைக்க நேருமோ?" என்று மனம் பின்வாங்கும். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தார் 1986-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் "தி லெஜன்ட் ஆஃப் செல்டா" என்னும் சாகச வீடியோ விளையாட்டு வரிசையைக் குறித்து மாணவர் பலர் இவ்வாறே வினவுகின்றனர். இவ்வரிசையில் இருபதுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்துள்ளன. அத்தொகையைக் கேட்ட அளவிலேயே தொடங்காது விடுவோர் பலர். அவர்தம் அச்சம் வேண்டாததொன்று என்பதையும், இவ்வுலகினுட் புகுவார்க்கு உண்மையில் வேண்டப்படும் தகுதி யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

இவ்வரிசையின் முதல் விளையாட்டு 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ஆம் நாள் ஜப்பானில் வெளியாயிற்று. அதனை அமைத்தவருள் முதன்மையானவர் ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெஸுகா என்னும் இருவர். இசை வகுத்தவர் கோஜி கோண்டோ. மியாமோட்டோ கியோத்தோ நகரையடுத்த சோனோபே என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவராயிருந்தபொழுது காடும் மலையும் தன்னந்தனியே சுற்றித் திரிந்து, ஒரு குகையைக் கண்டு, விளக்கேந்தி அதனுட் சென்று பார்த்த அனுபவமே இவ்விளையாட்டிற்கு வித்தாயிற்று என்று அவர் கூறியிருக்கின்றார். இச்செய்தியைப் புதியவர் தம் நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில், வழியறியாச் சிறுவன் ஒருவன் இருள் நிறைந்த குகைவாயிலில் நிற்கும் அந்நிலையே இவ்வரிசை முழுவதற்கும் உயிர்நிலையாய் அமைந்துள்ளது.

அம்முதல் விளையாட்டின் தொடக்கம் வியக்கத்தக்கது. திரையில் ஒரு வெளி தோன்றும். அதன் நடுவே கதைத்தலைவன் கையில் வாளின்றி நிற்பான். மேற்கே ஒரு வழி, வடக்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி. அருகே ஒரு கரிய குகைவாயில். எங்குச் செல்லல் வேண்டும் என்று எவரும் சொல்லார். குகையினுட் புகுந்தால் முதியவர் ஒருவர் வாளொன்றைத் தருவார். புகாமலே நடந்து சென்றாலும் தடுப்பார் இல்லை. வீட்டில் ஆடும் விளையாட்டை ஒரே அமர்வில் ஆடித் தீர்ப்பதே பெரும்பாலும் வழக்கமாயிருந்த அக்காலத்தில், ஆடியமட்டும் குறித்துவைத்து மறுநாள் அவ்விடத்திலிருந்து தொடரும் வசதியையும் இது அளித்தது. ஜப்பானில் காந்தத் தகட்டிலும், 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெட்டியினுள் அமைந்த சிறு மின்கலத்தின் உதவியாலும் இது கைகூடிற்று. ஆகவே, பல நாள் அலைந்து, பல முறை தவறி, சிறிது சிறிதாய் ஒரு நாட்டை அறிந்துகொள்ளுதல் என்பது தொடக்கத்திலேயே இவ்விளையாட்டின் இயல்பாயிற்று.

வரிசையும் கதையும்

இனி, "முதலிலிருந்துதான் தொடங்கவேண்டுமோ?" என்னும் வினாவை நோக்குவோம். வேண்டுவதில்லை என்பதே விடை. காரணம் வருமாறு.

இக்கதைகள் பெரும்பாலும் ஹைரூல் என்னும் கற்பனை நாட்டில் நிகழ்கின்றன. கதைத்தலைவன் பெயர் லிங்க். அரசகுமாரியின் பெயரே செல்டா. பகைவன் பெரும்பாலும் கேனன். வரிசையின் பெயரைக் கண்டு வாளேந்திய இளைஞனையே செல்டா என்று கருதுவது புதியவர் பலர்க்கும் இயல்பு. செல்டா என்னும் பெயர், அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவியாராகிய செல்டா ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயரினின்றும் எடுக்கப்பட்டது. ஆற்றல், அறிவு, துணிவு என்னும் மூன்றையும் குறிக்கும் மூன்று பொன்முக்கோணங்கள் டிரைஃபோர்ஸ் என்னும் பெயரால் கதைகள் பலவற்றில் வரும்.

பெயர்கள் ஒன்றாயினும், ஆட்கள் ஒருவரேயல்லர். ஒரு கதையின் லிங்க் வேறு. பல நூறாண்டுகட்குப் பின் வரும் மற்றொரு கதையின் லிங்க் வேறு. ஒரே பழங்கதையைப் பாட்டியர் பலர் பலவாறு சொல்லுதல் போல, ஒவ்வொரு விளையாட்டும் அக்கதையைப் புதிதாய்த் தொடங்கிச் சொல்லி முடிக்கின்றது. மேலும், வெளிவந்த வரிசையும் கதை நிகழும் வரிசையும் ஒன்றல்ல. கதைப்படி எல்லாவற்றிற்கும் முற்பட்டதாகிய "ஸ்கைவார்ட் சோர்ட்", முதல் விளையாட்டுக்கு 25 ஆண்டுகளுக்குப் பின், 2011-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஜப்பானில் வெளியான "ஹைரூல் ஹிஸ்டோரியா" என்னும் நூலில் நிறுவனத்தார் கால அட்டவணையொன்றைத் தந்தனர். அதன்படி, "ஒகரினா ஆஃப் டைம்" என்னும் விளையாட்டின் முடிவினின்றும் கதை மூன்று கிளைகளாய்ப் பிரிகின்றது. இவ்வட்டவணையை ஆராய்தல் பல விளையாட்டுகளை ஆடியவர்க்கு இன்பம் தரும். தொடங்குவார்க்கு அது சிறிதும் தேவையன்று.

இவ்விதிக்கு விலக்குச் சில உள. ஒரே லிங்க் தொடர்ந்து வரும் இணைக்கதைகளை அவற்றின் முறைப்படி ஆடுதலே நன்று. 1998-இல் வந்த "ஒகரினா ஆஃப் டைம்" என்பதன்பின் 2000-இல் வந்த "மஜோராஸ் மாஸ்க்". 2002-இல் வந்த "விண்ட் வேக்கர்" என்பதன்பின் 2007-இல் வந்த "ஃபான்டம் அவர்கிளாஸ்". 2017-இல் வந்த "ப்ரெத் ஆஃப் தி வைல்ட்" என்பதன்பின் 2023-இல் வந்த "டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்" ஆகியன அத்தகையவற்றுட் சில.

எவ்வாயிலிற் புகுவது?

அங்ஙனமாயின் எங்கே தொடங்குவது? ஆடுவார்தம் இயல்புக்கும் ஓய்வுநேரத்திற்கும் ஏற்ப நான்கு வாயில்களைக் கூறலாம்.

சிறு காலத்தில் முழுமையான ஒரு கதையை ஆடி முடிக்க விரும்புவார்க்கு "லிங்க்ஸ் அவேகனிங்" பொருத்தமானது. 1993-இல் கையடக்கமான கேம் பாய் கருவிக்கென அமைக்கப்பட்ட இது, 2019-இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கெனப் புதுக்கப்பட்டது. கப்பல் உடைந்து ஒரு தீவிற் கரையொதுங்கிய லிங்க், எட்டு இசைக்கருவிகளைத் தேடிச் சேர்ப்பதே கதை. இதில் அரசகுமாரி செல்டாவும் இல்லை. ஹைரூல் நாடும் இல்லை. ஆகவே, முன்னறிவு யாதும் வேண்டா.

இவ்வரிசையின் பழைய இலக்கணத்தைச் செவ்வனே கற்க விரும்புவார் 1991-இல் வந்த "எ லிங்க் டு தி பாஸ்ட்" என்பதை எடுத்துக்கொள்க. மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் காட்சி, சுரங்கக்கோட்டைகள், ஒளியுலகம் இருளுலகம் என்னும் இரட்டை நாடுகள் ஆகிய யாவும் இதில் அளவோடு அமைந்துள்ளன.

முப்பரிமாணக் காட்சியை விரும்புவார்க்கு "ஒகரினா ஆஃப் டைம்" உரியது. பகைவன் ஒருவனைக் குறிவைத்து அவன்மேல் பார்வையை நிலைநிறுத்திக்கொண்டு அவனைச் சுற்றிவந்து பொரும் முறையை இது செவ்விதாய் அமைத்துக் காட்டிற்று. பின்வந்த முப்பரிமாண விளையாட்டுகள் பல அம்முறையைக் கைக்கொண்டன.

கட்டளையின்றித் தன் விருப்பம்போல் அலைய விரும்புவார்க்கு "ப்ரெத் ஆஃப் தி வைல்ட்" சிறந்த வாயில். நூறாண்டுத் துயில் நீங்கி எழும் லிங்க் முதலில் ஓர் உயர்ந்த மேட்டுநிலத்தில் உலவுவான். அங்குள்ள நான்கு சிறு கோயில்களின் சோதனைகளை முடித்தபின், காற்றில் மிதந்திறங்கும் துணிச்சிறகு ஒன்று அவனுக்குக் கிடைக்கும். அதன்பின் எத்திசையும் செல்லலாம். துணிவிருப்பின் நேரே பகைவன் அரண்மனைக்கே நடக்கலாம்.

தொடக்கத்தில் தவிர்க்கத்தக்கன மூன்று. 1987-இல் வந்த இரண்டாம் விளையாட்டாகிய "தி அட்வென்ச்சர் ஆஃப் லிங்க்" மிகக் கடியது. பக்கவாட்டுக் காட்சியில் அமைந்து, ஏனையவற்றினின்றும் வேறுபட்டது. "மஜோராஸ் மாஸ்க்" என்பதில் மூன்று நாள் முடிவில் சந்திரன் பூமியின்மீது வீழும். அதற்குள் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அம்மூன்று நாட்களையும் மீண்டும் மீண்டும் வாழவேண்டும். அதன் அருமையை உணர்தற்கு முன்பயிற்சி வேண்டும். "டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்" முன்கதையின் நாட்டையே மீளக் காட்டி, வானத்தீவுகளையும் பாதாளத்தையும் அதனோடு சேர்க்கின்றது. பழைய நிலத்தை அறிந்தவரே அம்மாற்றத்தின் சுவையை முற்றும் துய்ப்பர். 1986-இன் முதல் விளையாட்டையே தொடங்க விரும்புவார், அதனோடு வழங்கப்பெற்ற குறிப்புப் புத்தகத்தை முதலிற் படித்தல் வேண்டும். அதனைப் படித்திருப்பர் என்று எண்ணியே விளையாட்டு அமைக்கப்பட்டது. அஃதின்றி ஆடித் திகைப்பது ஆடுவார் குற்றமன்று.

ஆடும் முறை

பழைய அமைப்பினையுடைய விளையாட்டுகளில் ஒரு பொதுவிதியைக் காணலாம். சுரங்கக்கோட்டை ஒவ்வொன்றிலும் நிலப்படம், திசைகாட்டி, சிறு திறவுகோல்கள், பெருந்திறவுகோல், ஒரு புதிய கருவி என்பன மறைந்திருக்கும். அங்குக் கிடைக்கும் புதிய கருவியே அக்கோட்டையின் மீதிப்பகுதிக்கும், பெரும்பாலும் அதன் தலைவனாகிய பூதத்தின் வீழ்ச்சிக்கும் வழியாகும். ஆதலின், வழி அடைபட்டால் "அண்மையில் யாது பெற்றேன்? அதனை இங்குப் பயன்படுத்தினேனோ?" என்று தன்னைத் தானே வினவுக. விரிசல் கண்ட சுவர் வெடிகுண்டுக்கு உரியது. சுவரிற் பதித்த கண் வடிவம் அம்புக்கு உரியது. "எ லிங்க் டு தி பாஸ்ட்" முதலியவற்றில் சுவரை வாள்முனையால் தட்டினால், பின்னே வெற்றிடமுள்ள இடத்தில் ஓசை வேறுபடும். கண்ணைப்போலவே செவியும் இங்கு ஒரு கருவி. ஊர்மக்கள் ஒவ்வொருவரிடமும் பேசுக. பயனற்றதுபோற் தோன்றும் ஒரு சொல்லில் பிறிதோரிடத்துக் குறிப்பு அடங்கியிருத்தல் கூடும். இப்பொழுது எட்டாத இடங்களை ஒரு தாளிற் குறித்துவைத்து, புதிய கருவி கிடைத்தபின் திரும்பி வருக.

"ப்ரெத் ஆஃப் தி வைல்ட்" வேறு நெறியினது. அங்கு இன்றியமையாக் கருவிகள் தொடக்க மேட்டிலேயே கிடைத்துவிடும். பின் வேண்டுவது அவற்றைப் பயன்படுத்தும் யுக்தியே. போர்க்கருவிகளுட் பெரும்பாலன சில நேரம் அடித்தபின் உடைந்துபோகும். புதியவர் இதனை வெறுத்து, நல்ல வாள்களைப் பூட்டிவைப்பர். அது வேண்டா, உடைவதைக்காட்டிலும் மிகுதியாய்க் கிடைத்துக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் பாறையிற் கை வழுக்கும். ஏறாது ஒதுங்கி நெருப்பு மூட்டிக் காத்திருக்க. இடியோடு மழை வருங்கால் உலோக வாளையும் கேடயத்தையும் களைந்துவிடுக; அன்றேல் மின்னல் தாக்கும். டுரியன் பழம் ஒன்றை மட்டும் அடுப்பிலிட்டுச் சமைத்தாலும் இழந்த உயிர்நிலை முழுதும் மீளும். பலவற்றை ஒருங்கே கொட்டி வீணாக்கவேண்டுவதில்லை. இவையெல்லாம் விளையாட்டின் விதிகள் என்பதைவிட, உலகியல்பு என்றே கூறலாம். ஆகலின், "இவ்விளையாட்டில் இதற்கு விடை யாது?" என்று கேட்பதினும், "உண்மையுலகில் இவ்விடத்து யான் யாது செய்வேன்?" என்று கேட்பதே பெரிதும் பயன் தரும்.

விடைநூலும் வினாவும்

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். இன்று எவ்விளையாட்டிற்கும் அடிதோறும் வழிசொல்லும் குறிப்புகளும் படங்களும் எளிதிற் கிடைக்கின்றன. புதியவர் பலர் ஒரு கையிற் கருவியையும் மறு கையில் அக்குறிப்பையும் வைத்துக்கொண்டே தொடங்குகின்றனர். அவர் விளையாட்டை முடித்துவிடுவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை ஆடினரோ என்பதே ஐயம்.

கணக்குப் புத்தகத்தின் இறுதியில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கும். கணக்கைச் செய்து பார்த்தபின் அப்பக்கத்தைத் திருப்புவான் ஒரு மாணவன். முதலிலேயே திருப்பி விடையை எழுதிக்கொள்வான் மற்றொருவன். இருவர் ஏட்டிலும் உள்ள விடை ஒன்றே. இருவர் அறிவிலும் உள்ளது ஒன்றன்று. கணக்கிலாவது விடைக்கென ஒரு பயனுண்டு. விளையாட்டில் விடைக்கெனத் தனிப்பயன் யாதுமில்லை. இல்லாத நாட்டின் இல்லாத கதவு திறப்பதால் நமக்கு வரும் ஊதியம் யாது? அதனைத் திறக்கும் வழியை நாமே கண்டோம் என்னும் மகிழ்ச்சி ஒன்றே. அதனையும் பிறர்க்குக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது விரல்களின் உழைப்பு மட்டுமே.

ஆயினும், உதவியை முற்றும் விலக்குதல் வேண்டும் என்று சொல்வதும் பொருந்தாது. 1986-இன் விளையாட்டில் எந்தப் புதரை எரித்தால் படி தோன்றும், எந்தப் பாறையை உடைத்தால் குகை திறக்கும் என்பதற்குப் பல இடங்களில் அடையாளமே இல்லை. அக்காலத்துச் சிறுவர் தாம் கண்டதைப் பள்ளியிலும் தெருவிலும் ஒருவர்க்கொருவர் சொல்லிப் பகிர்ந்துகொண்டே முன்னேறினர். எனவே, நண்பரைக் கேட்டல் இவ்விளையாட்டிற்குப் புறம்பன்று. அதன் பழைய மரபே ஆகும். ஆனால் நண்பன் நாம் கேட்டதற்கு மட்டும் விடை சொல்வான். நம் முகத்தைப் பார்த்துப் பாதி சொல்லி நிறுத்துவான். அச்சிட்ட குறிப்போ கேளாததையும் சொல்லி, இனி வரவிருக்கும் வியப்புகளையும் கெடுத்துவிடும்.

ஆகவே, இடர்ப்பட்டார்க்கு ஒரு முறையைக் கூறுவோம். முதலாவது, அறையை மீண்டும் ஒருமுறை மெல்லச் சுற்றிப் பார்க்க. மேலும் கீழும் நோக்குக. இரண்டாவது, அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்க. மூன்றாவது, ஆடியமட்டும் குறித்துவைத்து உறங்குக. நேற்று இல்லாத கதவு இன்று கண்ணிற்படுதல் உண்டு. நான்காவது, ஆடிய நண்பர் ஒருவரிடம் விடையைக் கேளாது குறிப்பை மட்டும் கேட்க. இவையெல்லாம் பயன்படாதபொழுது, அவ்வோரிடத்திற்கு மட்டும் அச்சுக்குறிப்பைப் பார்த்து உடனே மூடிவிடுக. அதில் இழிவொன்றுமில்லை.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவோம். "ஒகரினா ஆஃப் டைம்" என்பதிலுள்ள நீர்க்கோயில், ஆடினோர் பலரையும் மயக்கிப் பெயர்பெற்றது. அங்கு நீர்மட்டத்தை மூன்று நிலைகளில் மாற்றலாம். நீரினடியில் நடக்க இரும்புக் காலணியை அணிதலும் மேலெழக் களைதலும் வேண்டும். 1998-இன் வடிவில் ஒவ்வொரு முறையும் அதற்கெனப் பட்டியலைத் திறக்கவேண்டியிருந்தது. 2011-இல் வந்த புதுவடிவம் இவ்வருத்தத்தைக் குறைத்தது. ஆனால் பலர் உண்மையில் தடுமாறியது காலணியாலன்று. நடுக்கோபுரத்தில் ஒரு சிறு வழியைக் காணாது விட்டமையால். அவ்விடத்து விடையை இங்கு எழுதோம். குறிப்பு மட்டும் சொல்வோம்: நீர் உயருங்கால் அதனோடு வேறு யாது உயர்கின்றது என்று பார்க்க, பின்னர், அஃது இருந்த இடத்தை நோக்குக. இவ்வளவே போதும். கண்டவர் அம்மகிழ்ச்சியை நெடுநாள் மறவார்.

முற்றும் முடித்தல் வேண்டுமோ?

மற்றொரு பேராசையையும் ஈண்டுக் குறித்தல் தகும். புதியவர் சிலர், ஒரு பொருளும் விடாது யாவற்றையும் சேர்த்தல் வேண்டும் என்று எண்ணித் தம் படிப்பு நேரத்தையும் உறக்கத்தையும் இழக்கின்றனர். "ப்ரெத் ஆஃப் தி வைல்ட்" என்பதில் கொரோக் என்னும் வனக்குறளர் 900 பேர் மறைந்துள்ளனர். ஒவ்வொருவரும் ஒரு விதை தருவர். ஆயுதப்பையை முற்றும் பெருக்க 441 விதைகளே போதும். 900-ஐயும் தேடிச் சேர்த்தார்க்குக் கிடைக்கும் பரிசு யாதெனின், எருவுருண்டை வடிவான ஒரு பொற்பொருள்; அதனால் வேறு பயனில்லை. அமைத்தோரே நகைத்து, "போதும், வெளியே செல்க" என்று நமக்குச் சொல்வதாகவே இதனைக் கொள்ளலாம். ஒரு கோயில், ஒரு மலைமுகடு, ஒரு சிற்றூர் என நாளொன்றுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்க. குறித்துவைத்த விளையாட்டு நாளையும் அங்கேயே இருக்கும். தேர்வு நாள் அங்ஙனம் காத்திராது.

முடிவுரை

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான "எக்கோஸ் ஆஃப் விஸ்டம்" என்னும் விளையாட்டில் அரசகுமாரி செல்டாவே கதைத்தலைவியாயினாள். அவளது தனித்திறம், தான் கண்ட பொருள்களைப்போன்ற படிகளை வேண்டியபொழுது தோற்றுவித்தல். உயர்ந்த மதிலொன்று எதிர்ப்பட்டால் கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி ஏறுவார் ஒருவர். வேறு பொருளால் வேறு வழி காண்பார் மற்றொருவர். எவ்வழி சரியானது என்று தீர்ப்பளிப்பார் அங்கு இல்லை. முதல் விளையாட்டு வெளியாகி ஏறக்குறைய நாற்பதாண்டுகள் சென்றபின்னும், கட்டளையின்றி ஒரு வெளியில் நின்று "இனி யாது செய்வேன்?" என்று தன்னையே கேட்கும் அந்நிலை மாறவில்லை.

ஆகவே, புதிதாய்ப் புகுவீர், நீவிர் பிற்பட்டு வந்தோம் என்று வருந்தவேண்டா. இவ்வரிசையில் ஒவ்வொரு கதையும் தொடக்கமே. இருபதையும் ஆடியவரும் இருபத்தொன்றாவதன் வாயிலில் உம்மைப்போல் ஒன்றும் அறியாதவராகவே நிற்பர். அறியாமை இங்குக் குறையன்று, அதுவே நுழைவுச்சீட்டு. அதனைச் சிறிது காலம் பொறுத்துக்கொள்ளும் மனமும், சுற்றுமுற்றும் உற்று நோக்கும் கண்ணும் உடையீராயின் போதும். குகைவாயில் திறந்தே இருக்கின்றது. விளக்கை நீவிரே ஏந்திச் செல்க.